ஃபான்ட்டின் கடைசிக் கட்டம்

சங்கராபுரம் ஃப்ளெக்ஸ் கடையில் இசைவாணி கண் எரிய எரிய வரைந்த ஃபான்ட் அது. அவளை வேலையைவிட்டுத் துரத்திய முதலாளி தணிகாசலம், அதைத் தன் கைவண்ணம் என்று கூசாமல் விற்றார். கள்ளக்குறிச்சி மண்டபத்தில் மற்ற ஃப்ளெக்ஸ் கடைக்காரர்களுக்குப் பெரிய திரையில் அதைக் காட்டிக்கொண்டிருந்தபோது, அவள் நேராக மேடையேறினாள்.

“கேரக்டர் மேப்பைத் தொறங்க மொதலாளி. எல்லா எழுத்தும் கட்டங்கட்டமா தெரியும். கடைசிக் கட்டத்தைப் பெருசாக்குங்க.”

“அதுல இன்னா இருக்கப்போவுது?” என்று சிரித்துக்கொண்டே அமுக்கினார்.

எழுத்து இல்லை. குறுக்கே தழும்போடிய கட்டைவிரல் ரேகை திரை நிறைய விரிந்தது. ஃப்ளெக்ஸ் வெட்டும் பிளேடு அவள் விரலைக் கிழித்த அன்று, “ரத்தம் பேனர்ல படாம பாத்துக்க” என்று மட்டுமே சொன்னவர் அவர்.

இசைவாணி தன் கட்டைவிரலைத் திரையருகே நிமிர்த்தினாள்.

“பேனர்ல படலீங்க. இதுல பட்டுடுச்சு.”