விலகியவளின் சொற்கள்

உகாண்டாவின் லுகாண்டா மொழிக்குக் கணினியில் பிழை திருத்த ஒரு சொற்பட்டியல் வேண்டும் என்று மின்மடல் குழுவில் முன்னூறு பேரும் வாய்கிழியப் பேசிக்கொண்டிருந்தபோது, உட்கார்ந்து அதைச் செய்தவள் நபுகாலு ஒருத்திதான். கம்பாலாவில், நாசர் ரோடு அச்சகம் ஒன்றில் மெய்ப்புத் திருத்துகிறவள். சாவு அறிவிப்பு, கல்யாணப் பத்திரிகை, சர்ச் நோட்டீஸ் என்று கைக்கு வந்ததிலிருந்தெல்லாம் ஆறு வருஷமாகப் பொறுக்கிய அறுபதாயிரம் சொல். அதற்குக் கிடைத்த பட்டம் திருடி.

பட்டம் கொடுத்தவன் குழுவின் மட்டுறுத்துநர் கியிம்பா; யார் சேரலாம், எந்த மடல் போகலாம் என்பதெல்லாம் அவன் கையில். அகராதி போடுகிறவர்கள் சிலர் இல்லாத சொற்களை வேண்டுமென்றே உள்ளே நுழைத்துவைப்பார்கள். எவனாவது காப்பியடித்தால் அவையே காட்டிக்கொடுத்துவிடும். ஒரு பதிப்பகத்தின் அகராதியில் அப்படி இருந்த பதினொரு பொய்ச்சொல்லும் நபுகாலுவின் பட்டியலில் அச்சு அசலாக இருக்கிறதாம். சொல் யாருக்கும் சொந்தமில்லை, தொகுப்பு சொந்தம், பதிப்புரிமை வழக்கு வந்தால் யார் போய் நிற்பது என்று எழுதினான். பட்டியலை நீக்குவதா என்று வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் வாக்கெடுப்பு. அவள் பட்டியல் போனால் அந்த இடத்துக்கு அவனுடையது தயாராக இருந்தது.

வெள்ளியன்று மட்டும் நூற்றெழுபது மடல். பாதி அவளை வைதவை. பொறுக்கமாட்டாமல், "என்னை இதிலிருந்து எடுத்துத் தொலையுங்கள்" என்று எழுதினாள். விலகுவதற்குத் தனி முகவரி உண்டு. ஆத்திரத்தில் இவள் குழு முழுவதற்கும் அனுப்பிவிட்டாள். விடுவார்களா? "வெளியே போற வழி தெரியாதவங்கதான் நமக்குச் சொல் பொறுக்கினாங்க" என்று ஒருவன். அவமானத்தில் காது சுட, சரியான முகவரிக்கு எழுதி, 'நிச்சயமாக விலகுகிறீர்களா' என்று வந்த மடலுக்கும் பதில் போட்டு, மூன்று மணிக்கு விலகிவிட்டாள்.

அடுத்த மேஜை ஹதிஜா இதைக் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "அந்தப் பதினொண்ணு உள்ள எப்படி வந்துச்சுன்னு பாத்தியாடி?"

"ஆறு வருஷத்துல எதையாவது எங்கயாவது எடுத்திருப்பேன்."

"அவன் சொன்னா நம்பிடுவியா? பாருடி மொதல்ல!"

பட்டியலில் எந்தச் சொல்லை யார் என்றைக்குச் சேர்த்தார் என்ற பதிவு இருக்கும். நபுகாலு தேடினாள். பதினொன்றும் ஒரே நாளில், ஒரே கட்டாக வந்தவை. போன மார்ச்சில், 'சிறு திருத்தங்கள்' என்ற தலைப்பில், கியிம்பா அனுப்பியது. அவள் நன்றி வேறு சொல்லியிருந்தாள்.

மணி நாலேகால். ஆதாரத்தைக் குழுவுக்கு அனுப்பினாள். உடனே இயந்திரப் பதில் வந்தது: உறுப்பினர் அல்லாதவர் மடல், மட்டுறுத்துநர் அனுமதிக்காகக் காத்திருக்கிறது. மறுபடி சேர விண்ணப்பித்தாள். அதுவும் அவன் கையில்தான். தெரிந்த நான்கு பேருக்குத் தனித்தனியாக எழுதினாள். ஒருத்தர்தான் பதில் போட்டார்: "அக்கா, குழுவுல வராததை நாம கணக்குல எடுக்கிறதில்ல. விதி உங்களுக்கே தெரியும்."

கியிம்பாவுக்கு ஃபோன் போட்டாள். "என் மடலை விடுடா."

"எந்த மடல்க்கா? வெளியாளுங்க குப்பையா அனுப்புறாங்க. திங்கக்கிழமை உக்காந்து பாக்குறேன்."

"அந்தப் பதினொண்ணையும் நுழைச்சவன் நீதானே? அயோக்கியப் பயலே!"

"என்னைத் திட்டி என்னக்கா பிரயோஜனம்?" சிரித்தான். "குழுவுல கேளுங்களேன்."

பட்டியல் நீக்கப்பட்டது என்ற மடல் ஐந்து மணிக்கு எல்லோருக்கும் போனது. அவளுக்குப் போகவில்லை.