சுறா ஈரல் கொட்டகை

சுறாவின் வயிற்றைக் கீறி, ஈரலை இரண்டு கைகளாலும் வழித்தெடுத்துக் கூடையில் போட்டாள் விருத்தாம்பாள். கடலூர்த் துறைமுகத்துக்குத் தெற்கே அந்தக் கீற்றுக் கொட்டகையில் நான்கு அண்டாக்களில் ஈரல் வெந்துகொண்டிருந்தது. மேலே மிதக்கும் மஞ்சள் எண்ணெயை வடித்துத் தகரங்களில் அடைப்பார்கள். சண்டைக் காலம். சீமை மீன் எண்ணெய் வருவது நின்றுபோனதால் பட்டாளத்துக்கு இதுதான் போகிறது என்று மேஸ்திரி வைத்திலிங்கம் சொல்லியிருந்தார்.

அவள் மனம் வீட்டில் கிடந்தது. மூன்று வயது மகள் ஜகதா பொழுது சாய்ந்தால் தடுக்கித் தடுக்கி விழுந்தாள். போன வாரம் கஞ்சிச் சட்டியைக் கவிழ்த்தபோது, "கண்ணு அவிஞ்சா போச்சு?" என்று அதன் முதுகில் ஓர் அடி வைத்திருந்தாள் விருத்தாம்பாள். இப்போது குழந்தையின் கண்ணில் நுரைபோல வெள்ளை படிந்திருந்தது. வெளிச்சம் பட்டால் வீறிட்டது.

"மேஸ்திரி, புள்ளைய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போவணும். ஒரு நாள் லீவு குடுங்க."

"மீனு குமிஞ்சு கெடக்குது. இந்த வாரம் முடியட்டும். இப்ப போனா, திரும்பி வராத."

அவள் போகவில்லை. ஐந்து நாள் கழித்துத்தான் போனாள்.

டாக்டர் இமையைத் தூக்கிப் பார்த்தார். இடது கண்ணின் கருவிழி வெந்த ஜவ்வரிசிபோல் குழைந்திருந்தது.

"நாலஞ்சு நாள் முன்னாடி வந்திருந்தா ரெண்டும் தப்பிச்சிருக்கும். வைட்டமின் ஏ சத்து இல்லாம கண்ணு வறண்டு புண்ணாயிடுச்சு. வலது கண்ணையாவது காப்பாத்தணும்."

நர்ஸ் குழந்தையின் வாயில் ஒரு கரண்டி எண்ணெய் ஊற்றினாள். எட்டு மாதமாக விருத்தாம்பாளின் நகக்கண்ணை விட்டுப் போகாத வாடை அது.

"அய்யா, இது எங்க கொட்டாய்ல காய்ச்சறதுங்க."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். "இங்க மூணு நாளைக்குத்தான் இருக்கு. அப்புறம் எங்கயாவது கெடச்சா, தினம் ஒரு ஸ்பூன் குடு."

சிதம்பரத்து நெல் மில்லில் மூட்டை தூக்கும் அவள் கணவன் சின்னையன் சேதி கேட்டு வந்தான். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அதன் நெற்றியைத் தடவினான்.

"நீ தெனமும் அதுலதானே கைய வுட்டுக்கினு இருந்த?" என்றான். அவன் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மேஸ்திரியிடம் ஒரு சீசா எண்ணெய் கேட்டாள். ஒரு சொட்டுக்கூடத் தரமுடியாது என்றார். மறுநாளிலிருந்து முந்தானை நுனியை அண்டாவில் நனைத்து இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாள். வீட்டில் குழந்தையின் வாயில் பிழிந்தாள். ஜகதா குமட்டிக்கொண்டே விழுங்கினாள். பத்து நாளில் வலது கண்ணில் ஈரம் திரும்பியது. விரலை நீட்டினால் எட்டிப் பிடித்துச் சிரித்தாள். விருத்தாம்பாளால் அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை. இடது கண் சுருங்கிப்போய் மூடிக் கிடந்தது. அந்த ஐந்து நாளில் எத்தனை கூடை ஈரல் எடுத்தோம் என்று மனம் எண்ணத் தொடங்கிவிடும்.

பதினோராம் நாள் கொட்டகை வாசலில் காவல்காரன் எண்ணெய் ஊறிய முந்தானையைக் கண்டு அவளை மறித்தான். மேஸ்திரியும் வந்தார்.

"புள்ள கண்ணுக்குங்க..."

"பிழிடி கீழ. நாளைலேருந்து வராத," என்றார் மேஸ்திரி.

அவள் முந்தானையை எடுத்து முறுக்கிப் பிழிந்தாள். எண்ணெய் மணலில் சொட்டியது. கருவாட்டுக் குவியலோரம் படுத்திருந்த நாய் எழுந்து வந்து, அந்த மணலை நக்கத் தொடங்கியது.