இருபது மீட்டரும் சொச்சமும்

"சுவரை இடிங்க பெரியப்பா."

கேட்கவே கூடாது என்று அம்மா வாய்க்கு வாய் சொல்லியிருந்ததை, அம்மா பக்கத்துப் பின்கட்டில் பிணமாகக் கிடக்கும்போது அவள் கேட்டுவிட்டாள். பெரியப்பா வீட்டுப் போர்ட்டிகோவில் உட்கார்ந்திருந்தவர்கள் செல்போனிலிருந்து தலையைத் தூக்கினார்கள்.

பெரியப்பா பல்லிடுக்கை நோண்டிக்கொண்டிருந்தார். குச்சியை எடுத்து நுனியைப் பார்த்தார். மறுபடி வாய்க்குள் விட்டார்.

"எந்தச் சுவரும்மா?"

"உங்களுக்குத் தெரியும்."

எல்லாருக்கும்தான் தெரியும். சவப்பெட்டி தெருவில் வண்டியிலேயே இருந்தது. அவள் வீட்டின் முன்பக்கத்தைக் கடைக்காரனுக்கு விற்றபின் பின்கட்டுக்கு மதிலோரச் சந்துதான் வாசல். சந்தின் ஒரு பக்கம் அவர்கள் வீடு, மறுபக்கம் பெரியப்பாவின் மதில். நடுவில் இரண்டடிகூட இல்லை. பெட்டி உள்ளே வராது. போன மாதம் ஆம்புலன்ஸ்காரர்களும் ஸ்ட்ரெச்சரை வைத்துக்கொண்டு இதே தெருவில்தான் முழித்தார்கள்.

"பீரோ எப்படிடா உள்ள போச்சு? ஒருக்களிச்சுத்தானே போச்சு. அதே மாதிரிதான்," என்றான் பெரியப்பா மகன். யாரோ சிரித்து, சிரிப்பை இருமலாக மாற்றினார்கள்.

அவள் பெரியப்பா பக்கமே திரும்பினாள்.

"பழைய பத்திரத்துல எங்க பாகம், அப்புறம் வித்த தோப்போட சேர்த்து, பத்துச் சங்கிலி நீளம். நீங்க இருநூறு மீட்டர்னு அளந்து குடுத்தீங்க."

"ஆமா. சங்கிலிக்கு இருபது மீட்டர். நான் சர்வே ஆபீஸ்ல குப்பை கொட்டினவன்மா. நீ இப்பத்தான் இன்ஜினியர்."

"சங்கிலின்னா அறுபத்தாறு அடி. இருபது மீட்டர் போக, பன்னெண்டு சென்டிமீட்டர் கிட்ட சொச்சம் வரும். பத்துச் சங்கிலிக்கு என்ன ஆச்சு? நாலடிக்கு ரெண்டு இஞ்ச்தான் கம்மி. அந்த நாலடி எங்க போச்சு?"

"சில்லறையை எல்லாம் யாரு பார்த்தா? ஆபீஸ்ல எல்லாருமே இருபதுன்னுதான் போடுவோம்."

"உங்க பாகத்தை அளக்கும்போது மட்டும் கால்குலேட்டர் எடுத்தீங்களே பெரியப்பா."

குச்சி நின்றது. டீ குடித்து முடித்த பிளாஸ்டிக் கப்புகளை எல்லாரும், சந்தில் இடமில்லாமல் இங்கே வந்துவிட்ட அம்மாவின் செம்பருத்தித் தொட்டியில் செருகி வைத்திருந்தார்கள்.

"நாலு எழுத்து படிச்சதும் வாய் நீளுது பாரு," என்றாள் பெரியம்மா. "பொணத்தை வெச்சுக்கிட்டு இடம் கேக்குது."

"இடம் கேக்கல பெரியம்மா. எங்க அம்மாவைப் படுத்தாப்பல எடுத்துட்டுப் போக வழி கேக்கறேன். பத்தடிக்கு உடைச்சா போதும். ஒரு மணி நேர வேலை."

"போன மாசம்தான் பெயின்ட் அடிச்சோம்."

அவள் அப்பாவைப் பார்த்தாள். பாகம் அளந்த அன்றைக்கு டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவர்தான். அண்ணன் சொன்ன இடத்தில் முளையடித்தவரும் அவர்தான். இப்போது யார் செருப்பையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்கப்பா."

அப்பா எழுந்து வந்து அவள் முழங்கையைத் தொட்டார்.

"அவ ஒண்ணும் கனமில்லம்மா," என்றார். "சாய்ச்சுத் தூக்கிடலாம்."

அவள் கையை உதறினாள். சந்து வழியே பின்கட்டுக்குப் போனாள்.

கட்டில் பலகையில் அம்மாவைக் கிடத்தி, நெஞ்சிலும் முழங்காலிலும் போர்வையைக் கிழித்துக் கட்டினார்கள். முடிச்சை இறுக்க ஒருவன் பலகையில் முழங்காலை ஊன்றினான். சந்துக்குள் பெரியப்பா மகன் பின்னோக்கி நடந்தபடி வழி சொன்னான். "ஒருக்களி, ஒருக்களி. குழாயைப் பாத்து. உன் பக்கம் தூக்குடா." அம்மாவின் முழங்கை மதிலை உரசிக்கொண்டே போனது.

குழாய்த் திருப்பத்தில் பலகை மாட்டிக்கொண்டது.

"நிமுத்துடா. நிக்க வெச்சுத் திருப்பு."

நிறுத்தினார்கள். நோயில் விழுந்தபின் அம்மா நின்று அவள் பார்த்ததில்லை. இப்போது சந்து நடுவில், மதிலுக்கு முகம் கொடுத்து, நேராக நின்றாள். மூக்கு சுவரைத் தொட்டது. கட்டின் மேல் தலை லேசாகச் சரிந்தது. பிறகு திரும்பினாள், போனாள்.

தெருவிலிருந்து பெரியப்பாவின் குரல் கேட்டது. "பாத்தியா, வந்துடுச்சுல்ல!"

அவள் ஆபீஸ் பையை எடுத்துக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்து வெளியே வந்தாள். தெருவில் பெட்டியை மூடிக்கொண்டிருந்தார்கள். மூடியை ஒரு கையால் நிறுத்தி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். மூக்கு நுனியில் வெளிர் மஞ்சள் பெயின்ட் தூள் ஒட்டியிருந்தது. துடைக்கக் கை போனது. துடைக்கவில்லை.

பெரியப்பாவின் கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். பையிலிருந்து டேப்பை எடுத்து, மதிலின் கனத்தையும் கணக்கில் சேர்த்து, அவர் பக்கமாக இழுத்தாள். ஒரு மீட்டர் பதினாறு சென்டிமீட்டர், அதற்கும் மேலே கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தையும் விடாமல் குறித்தாள். தொட்டியோரம் கிடந்த செங்கல் துண்டால் போர்ட்டிகோ டைல்ஸின் மேல், தூணை ஒட்டி, கேட் வரைக்கும் கோடு இழுத்தாள். பளபளப்பில் செங்கல் வழுக்கியது. அழுத்தி இழுத்தாள்.

"செருப்போட எங்கடி நடக்கறே?" என்று பெரியம்மா ஓடி வந்தாள்.

அவள் போனைக் காதில் வைத்திருந்தாள். "மேஸ்திரி, காலைல ரெண்டு ஆளும் சம்மட்டியும். ஆமா, வீட்டுக்குத்தான். கோடு போட்டிருக்கேன், தெரியும்."

"வண்டி கிளம்புதும்மா, வா," என்று தெருவிலிருந்து அப்பா கூப்பிட்டார்.

கோட்டின் மேலேயே நடந்து வெளியே வந்தாள். கேட்டைச் சாத்தவில்லை.