சொட்டு நிற்கும் வரை

இன்ஜின் சுழன்றது, ஊளையிட்டது, ஆனால் பற்றிக்கொள்ளவில்லை. ஃபிட்டர் எரிபொருள் பிடியை வெடுக்கென்று மூடினாள். ஊளை மெல்ல இறங்கி அடங்கியது. எரியாமல் உள்ளே தேங்கிய மண்ணெண்ணெய், இன்ஜினின் அடிக்குழாய் வழியாகத் தகர டின்னில் சொட்டத் தொடங்கியது.

ஜெட் விமானங்கள் வந்த புதிதில் செய்த இன்ஜின் அது. விமானம் என்றைக்கோ உடைபட்டுப் போய்விட, இது மட்டும் தொழிற்பள்ளியின் பின்பக்கக் கொட்டகையில் இரும்புச் சட்டத்தின் மேல் உட்கார்ந்திருந்தது. இன்று பரிசோதகர் முன்னால் ஐந்து நிமிடம் ஓடினால் மாணவர்களுக்காக இங்கேயே இருக்கும். இல்லாவிட்டால் பழைய இரும்புக் கடைக்குப் போகும். ஃபிட்டருக்கு ஸ்டோர் ரூமில் ஒரு நாற்காலி போடுவார்கள். இருபது வருடம் ஸ்பானர் பிடித்தவளுக்கு, கேட்டவர்களுக்குத் திருகாணி எடுத்துக் கொடுக்கிற வேலை. அதை நினைத்தாலே அவளுக்கு அழுகை முட்டியது.

"ம், மறுபடி போடுங்க. வண்டி காத்துக்கிட்டிருக்கு" என்றார் பரிசோதகர், நாற்காலி நுனியில் உட்கார்ந்தபடி.

"முடியாது சார். உள்ள இருக்கிற மண்ணெண்ணெய் முழுசா வடியணும். இப்பவே பத்த வெச்சா பின்னாடி ஆள் உயரத்துக்குத் தீ வரும்."

"எவ்வளவு நேரம்?"

"சொட்டு நிக்கிற வரைக்கும்."

பதறாத காரியம் சிதறாது என்று சொல்லிவிடலாம். வண்டி காத்திருக்கும் மனுஷரிடம் அதைச் சொல்ல முடியுமா? அதிலும் பேட்டரிகளில் இன்னும் ஒரே ஒரு தரம் சுழற்றத்தான் சக்தி இருந்தது.

பேட்டரிகளையும் தீப்பொறி தரும் பிளக்குகளையும் பார்த்துக்கொள்ளும் எலெக்ட்ரீஷியன் வேறு யாருமல்ல, ஃபிட்டரின் நாத்தனார்தான். இதே கொட்டகையில் இவள் நட்டு முடுக்குகிற அழகைப் பார்த்துத்தான் "எங்க அண்ணனுக்கு இவதான்" என்று முடிவு கட்டியவள். வீட்டில் இருவருக்கும் ஏழாம் பொருத்தம். இங்கே ஒருத்தி கை நீட்டினால் மற்றவள் சரியான ஸ்பானரை வைப்பாள்.

இப்போது நாத்தனார் முகம் வெளிறி, இன்ஜினுக்கு அந்தப் பக்கம் நின்று கையசைத்துக் கூப்பிட்டாள்.

"அண்ணி, கத்தாதீங்க. பிளக்கைத் தொடச்சிட்டு ஒயரைப் பாதிதான் சொருகியிருக்கேன். அதான் பொறி வரல."

ஃபிட்டருக்குச் சுர்ரென்று ஏறியது. வீட்டுக் கணக்கையும் சேர்த்துக் கொட்டிவிட வாயைத் திறந்தாள். கை சும்மா இராமல், பழக்கத்தில் மசகு எண்ணெய்த் தொட்டியின் அளவுக்குச்சியை உருவியது. பார்த்தாள். திறந்த வாய் அப்படியே நின்றது.

மேல்கோட்டைத் தாண்டி மூன்று விரல் எண்ணெய்.

மாதக்கணக்கில் சும்மா நின்ற இன்ஜினில் எண்ணெய் தொட்டியிலிருந்து கசிந்து கீழே இறங்கிவிடும். குச்சி குறைவாகக் காட்டும், அதை நம்பக் கூடாது. ஒரு சுற்றுச் சுற்றினால் பம்பு எல்லாவற்றையும் தொட்டிக்குத் திருப்பி அனுப்பும், அப்புறம்தான் அளக்க வேண்டும். ஊருக்கெல்லாம் இதைச் சொல்லிக் கொடுப்பவள், இன்று காலைப் பதற்றத்தில் குச்சியைப் பார்த்த கையோடு இரண்டு லிட்டர் ஊற்றியிருந்தாள். முதல் தடவையே பற்றியிருந்தால் வெள்ளைப் புகை கக்கிக் கொட்டகையே மறைந்திருக்கும். நாத்தனாரின் அரைகுறை ஒயர்தான் தன் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறது என்பதை எந்த முகத்தோடு சொல்வது?

சத்தமில்லாமல் வடித்துவிடலாம். பரிசோதகருக்கு என்ன தெரியப்போகிறது? ஆனால் ஒயர் தப்பை நாத்தனார் தானாகவே சொன்னாளே.

"சார், காலையில எண்ணெய அதிகமா ஊத்திட்டேன். தப்பு என்னோடது. வடிச்சு எடுத்துடறேன்."

பரிசோதகர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு வெளியே போய் டிரைவரிடம் ஏதோ சொல்லிவிட்டு வந்து, இந்த முறை நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"நீங்களுமா அண்ணி?" என்றாள் நாத்தனார், வாளியைப் பிடித்துக்கொண்டே.

"வீட்ல போய்ச் சொன்னே, தொலைச்சிடுவேன்."

வாளியை வைத்துவிட்டு நாத்தனார் ஒயரை முழுசாகச் சொருகினாள். முக்கால் மணி நேரம் ஆயிற்று. கடைசிச் சொட்டு விழுந்த பிறகும் ஃபிட்டர் இருநூறு வரை எண்ணினாள்.

"போடு."

பொத்தானை அழுத்தினாள் நாத்தனார். ஊளை எழுந்தது, முதல் தடவையைவிடச் சோனியாக. வேக முள் தவழ்ந்து குறியைத் தொட்டது. ஃபிட்டர் பிடியைத் திறந்தாள். உள்ளே 'தப்' என்று ஒரு சத்தம். வெப்ப முள் சிவப்புக் கோட்டைப் பார்த்து விறுவிறுவென்று ஏறி, ஒரு மயிரிழை முன்னால் நின்று, திரும்பி இறங்கியது.

"விடு!"

நாத்தனார் விரலை எடுத்தாள். பேட்டரியின் துணை போனதும் வேக முள் தயங்கியது. பிறகு தன் பலத்திலேயே மேலே ஏறியது. இரைச்சல் நெஞ்சுக்கூட்டுக்குள் புகுந்து அதிர, ஃபிட்டர் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. கொட்டகைக்குப் பின்னால் புல்லெல்லாம் தரையோடு படுத்துக்கொண்டது. மதில் சுவர் அனல் காற்றில் நெளிந்தது. இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்ற பரிசோதகர், ஒரு கையை மட்டும் எடுத்து ஒற்றை விரலை உயர்த்திக் காட்டினார்: ஒரு நிமிடம் ஆயிற்று, இன்னும் நான்கு.