தோர்கில் எழுதிய இரண்டு மாடி வீடு

அமெரிக்காவின் டகோட்டாவில் வெட்டுக்கிளி இறங்கிய வருஷம் தோர்கில் ஊருக்கு எழுதிய கடிதத்தில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. அவன் செய்த தப்பே அதுதான்.

வெட்டுக்கிளிகள் முதலில் கோதுமையைத் தின்றன. அப்புறம் மண்வெட்டிக் காம்பைத் தின்றன; அதிலும் கைவேர்வை ஊறி உப்பேறிய இடமாகப் பார்த்துத் தின்றன. கடைசியில், கொடியில் காய்ந்துகொண்டிருந்த ஒரே கால்சட்டையைத் தின்றுவிட்டு, பொத்தான்களைப் புல்லில் போட்டுவிட்டுப் போய்விட்டன. வெட்டுக்கிளியானாலும் அந்தமட்டில் நியாயம் தெரிந்த ஜாதி. இதையெல்லாம் அவன் நடந்தது நடந்தபடி எழுதினான்.

நார்வேயில் அவனுடைய பள்ளத்தாக்கில் அமெரிக்கக் கடிதம் ஊர்ப் பொதுச் சொத்து. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் தேவாலய வாசலில் அதைச் சத்தமாக வாசித்தாக வேண்டும். தோர்கிலின் அம்மாவுக்கு எழுத்து தெரியாது. வாசிக்கிறவர் தேவாலய மணியடிக்கும் அஸ்லாக். அந்த அஸ்லாக்கின் மகள் சிக்னேயைத்தான் கட்டிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுத் தோர்கில் கப்பலேறியிருந்தான். ஆகவே அவன் எழுதுகிற ஒவ்வொரு வார்த்தையும் வருங்கால மாமனாரின் வாய்வழியாகத்தான் ஊருக்குள் போகும்.

அஸ்லாக் கால்சட்டைவரை வாசித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இவன் பொய்யன். பொய்யனுக்கு எம் பொண்ணு கிடையாது," என்றார். அம்மாவின் பெயரில் பதில் எழுதியதும் அவரேதான்: 'உன் தாய் நலம். பூச்சியிடமிருந்து கால்சட்டையைக் காப்பாற்றத் தெரியாதவன் என் மகளை எப்படிக் காப்பாற்றுவான்?'

தோர்கில் அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு அரை நாள் நடந்து, பக்கத்து வீட்டு சீவர்ட்டிடம் போனான். அந்தப் பக்கமெல்லாம் பக்கத்து வீடு என்றால் அவ்வளவு பக்கம்தான்.

"உண்மைய எழுதினா எவன்டா நம்புவான்?" என்றார் சீவர்ட். "அவங்க காதுக்குப் பழக்கமானதா எழுது. வீடு, சன்னல், ஆப்பிள் மரம்."

"அதெல்லாம் எங்கிட்ட இல்லியே அண்ணே."

"இருந்தா எதுக்குடா எழுதணும்? நேர்லயே காட்டிடலாமே."

தோர்கில் எழுதினான். இரண்டு மாடி வீடு, எட்டு சன்னல், வாசலில் ஆப்பிள் மரம், உட்கார்ந்த இடத்திலிருந்தே மணிச்சத்தம். மணிச்சத்தம் என்ற இடத்தில் அஸ்லாக் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டாராம். "பையன் திருந்திட்டான்," என்று சொல்லி, ஊருக்கு இன்னொரு தடவை வாசித்துக் காட்டினார். வசந்தத்தின் முதல் கப்பலில் சிக்னே வருகிறாள் என்று பதில் வந்தது.

அதைப் படித்தபோது தோர்கில் உட்கார்ந்திருந்தான். நல்லவேளை, திடுக்கிட்டு எழுந்திருந்தால் தலை கூரையில் இடித்திருக்கும். ஓடைக்கரை மேட்டைக் குடைந்து, முன்பக்கம் மட்டும் மண்ணோடு வெட்டியெடுத்த புல்கட்டிகளை அடுக்கி எழுப்பிய வீடு அது. கூரைமேல் வளர்ந்த புல்லும் வெளியே வளர்ந்த புல்லும் ஒன்றாகக் கலந்துவிட்டதால், அவனே இரண்டு தடவை தன் வீட்டைத் தேடி அலைந்திருக்கிறான். இதில் காற்று வேறு. ஒரு தடவை அவன் தொப்பி மேற்கே பறந்து போய், நாலு நாள் கழித்துக் கிழக்கிலிருந்து வந்து சேர்ந்தது. நடுவில் எங்கெல்லாம் போனது என்று தொப்பிதான் சொல்ல வேண்டும்.

ரயிலடியிலிருந்து சிக்னேயை வண்டியில் ஏற்றி வந்தவர் சீவர்ட். தோர்கில் வண்டிச் சத்தம் கேட்டு மேட்டின்மேல் ஏறி ஓடினான்.

"டேய் தோர்கில்! காபி குடிச்சிட்டு நான் கெளம்பணும். பெட்டிய எறக்கணுமா, இல்ல வந்த வழியே கொண்டுபோகணுமா, அதுக்குள்ள பேசி முடிச்சிருங்க," என்றார் சீவர்ட்.

வண்டியில், பூவேலை வரைந்து சிக்னேயின் பெயர் எழுதிய பெரிய மரப்பெட்டி அப்படியே இருந்தது. தோர்கிலுக்கு அதைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை.

சிக்னே இறங்கி, புகை விட்டபடி புல்லிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த ஒரு குழாயில் கையைக் காட்டிக் குளிர் காய்ந்துகொண்டிருந்தாள். இந்தத் தேசத்துப் பூமியே இப்படித்தான் போலும் என்று நினைத்தாளாம்.

"வீடு எங்கய்யா?"

"இங்கதான்."

"இங்கன்னா?"

"நீ நிக்கிறியே, அதுக்குக் கீழ."

சிக்னே காலைப் பார்த்தாள். குழாயைப் பார்த்தாள். மேட்டைச் சுற்றி இறங்கி, குனிந்து உள்ளே போனாள். பின்னாலேயே இவர்கள் இருவரும்.

கோதுமையைக் கருக வறுத்துப் போட்ட காபி கொதித்தது. சிக்னே கண்ணாடிக்குப் பதில் எண்ணெய்த்தாள் ஒட்டிய சன்னலைப் பார்த்தாள்.

"எட்டு சன்னல்னு கேள்விப்பட்டேன்."

"ஒண்ணு முடிஞ்சிருக்கு."

"ஆப்பிள் மரம்?"

"நட்டேன் சிக்னே, சத்தியமா. காத்து கொண்டுபோயிருச்சு. எவன் வீட்டு வாசல்லயோ இந்நேரம் பூத்திருக்கும்."

"மணிச்சத்தம்?"

"மாட்டுக் கழுத்துல கட்டியிருக்கேன்."

"அப்ப மாடி?"

தோர்கில் வாயைத் திறந்தான். அதற்குள் தலைக்குமேல் மணி கிணுங்கியது. காபியில் மண் விழுந்தது. மேலே மேய்ந்துகொண்டிருந்த டாக்ரோஸ் என்ற அவன் பசுவின் பின்னங்கால் ஒன்று கூரையைப் பொத்துக்கொண்டு கிண்ணத்துக்கு நேர்மேலே வந்து தொங்கியது.

"மாடி," என்றார் சீவர்ட், காபியிலிருந்து மண்ணை எடுத்தபடி.

சிக்னே எழுந்து வெளியே போனாள். போச்சு, வண்டிக்குத்தான் போகிறாள் என்று நினைத்தான் தோர்கில். மேலேயிருந்து குரல் வந்தது: "மசமசன்னு நிக்காத! கீழேருந்து தள்ளு, நான் கொம்பப் பிடிக்கிறேன்!"

மாட்டை மீட்ட பிறகு, கை கழுவிக்கொண்டே கேட்டாள்: "அந்தக் கால்சட்டை?"

தோர்கில் ஒரு தகரடப்பாவைத் திறந்து நீட்டினான். உள்ளே பொத்தான்கள். வெட்டுக்கிளி கடித்த மண்வெட்டிக் காம்பையும் கொண்டுவந்து காட்டினான். சிக்னே விரலால் அந்தக் குழியைத் தடவிப் பார்த்தாள்.

"அன்னிக்கு ஊரே சிரிச்சுது. நான் மட்டுந்தான் நம்பினேன். பொய் சொல்றவன் தனக்குக் கால்சட்டை இல்லன்னா சொல்லுவான்? உன் ரெண்டாவது கடுதாசியதான் நம்பல. எட்டு சன்னலாம்! யாரு தொடைக்கிறது?"

"நம்பலன்னா ஏன் வாயத் தொறக்கல?"

"தொறந்திருந்தா அப்பா அனுப்புவாரா? அவரு கப்பலேத்தினது மாடிக்கு. நான் வந்தது கால்சட்டைக்கு." பிறகு வாசல் பக்கம் திரும்பி, "அண்ணே, என்ன வேடிக்கை? பெட்டிய எறக்குங்க," என்றாள்.

பெட்டி கதவுக்குள் நுழையவில்லை. பக்கவாட்டில் பார்த்தார்கள், நிமிர்த்திப் பார்த்தார்கள். கடைசியில் கூரையிலிருந்த ஓட்டைமேல் வைத்தார்கள். அளவெடுத்துச் செய்ததுபோல் அடைத்துக்கொண்டது.

சீவர்ட் போகும்போதே தபாலில் சேர்க்கட்டும் என்று சிக்னே எழுத உட்கார்ந்தாள்.

"கால்சட்டையப் பத்தி எழுதிராத," என்றான் தோர்கில்.

"நீ சும்மா இரு. எல்லாம் உண்மைதான் எழுதறேன், எங்கப்பா நம்புற உண்மை."

எழுதினாள்: 'அன்புள்ள அப்பா, சுகமாக வந்து சேர்ந்தேன். வீடு பார்த்தேன். மணிச்சத்தம் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. என் பெட்டியை மாடியில் வைத்திருக்கிறோம். அங்கே இடம் நிறைய. பசுகூட வந்து போகிறது.'