இங்க பொறந்தவங்களுக்கு மட்டும்

எனக்குக் கோவம் வந்தா வாய்தான் முதல்ல ஓடும், காலு அப்புறந்தான். இத்தனை கூத்தும் அந்த வாயாலதான் வந்துச்சு.

பேரு கோகிலவாணி. வயசு நாப்பத்தெட்டு. கீழ் கோத்தகிரி எஸ்டேட்டுல கொழுந்து எடுக்கிறேன். தினமும் விடியறதுக்குள்ள எந்திரிச்சு சோலூர்மட்டம் ரோட்டுல பத்து கிலோமீட்டர் ஓடிட்டு, குளிச்சுட்டு வேலைக்குப் போய் நிப்பேன். நாப்பத்தஞ்சு வயசு தாண்டுன பொம்பளைங்களுக்குன்னு பத்தாயிரம் மீட்டர் பந்தயம் ஒண்ணு இருக்கு. கிரவுண்டை இருபத்தஞ்சு சுத்து சுத்தணும். மூணு வருசமா அதுல தேசிய ரெக்கார்டு எம் பேருலதான். நாப்பத்தோரு நிமிசம் ஆறு செகண்டு. இந்தியா முழுக்க எந்த மகராசி ஓடுனாலும் அந்த ஆறு செகண்டைத்தான் துரத்திட்டு வரணும். எம் பேரு அச்சுல வந்ததுன்னா ரேஷன் கார்டுக்கு அப்புறம் அங்கதான்.

அதை இந்த மே மாசம் பிலோமி எடுத்துட்டா.

பிலோமி கென்யாவுல பொறந்தவ. கோயம்புத்தூருக்குக் காலேஜ் படிக்க வந்து, கூடப் படிச்ச, கோத்தகிரிக்குப் பக்கத்துல கட்டபெட்டுப் பையனைக் கட்டிக்கிட்டு இங்கயே தங்கிட்டா. இருபது வருசம் தாண்டியாச்சு. கோத்தகிரியில ஒரு ஸ்கூல்ல கணக்கு டீச்சர். முழுப்பேரு பிலோமினா, ஆனா ஊரே பிலோமின்னுதான் கூப்பிடும். 'ஏனுங்க்கா, சாப்ட்டீங்களா'ன்னு அவ இழுக்கிற இழுப்பைக் கண்ணை மூடிட்டுக் கேட்டா பொள்ளாச்சி அம்மணி ஒருத்தி பேசறான்னு சத்தியமே பண்ணுவீங்க. ஜனவரியிலதான் அவளுக்கு நாப்பத்தஞ்சு முடிஞ்சு எங்க வரிசைக்கு வந்தா.

கோயம்புத்தூர் ஸ்டேடியத்துல மாநிலப் போட்டி. இருபத்திரெண்டாவது சுத்து வரைக்கும் நான்தான் முன்னாடி. அப்ப எந்தோளை ஒட்டி வந்தா. 'வர்றேனுங்க்கா'ன்னு சொல்லிட்டே தாண்டிப் போனா பாருங்க! முந்திட்டுப் போறவ மரியாதை வேற குடுக்கறா. எனக்கு வயிறு எரிஞ்சுது. நாப்பது நிமிசம் பதினெட்டு செகண்டுல முடிச்சுட்டா. நான் முடிக்கும்போது அவ தண்ணி குடிச்சுட்டு நின்னுட்டிருந்தா.

அடுத்த நாள் மலையில கொழுந்து எடுக்கையில வனிதா ஆரம்பிச்சா. எங்க லைன்ல அவளுக்குத்தான் வாய் நீளம். "என்னக்கா, உன் ரெக்கார்டு கப்பலேறி ஆப்பிரிக்கா போயிருச்சாமே?"

எல்லாரும் சிரிச்சாங்க. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. கத்தரியைக் கூடைக்குள்ள போட்டுட்டு, மேஸ்திரிகிட்ட அரை நாள் லீவு சொல்லிட்டு, நேரா பஸ் ஏறி கோத்தகிரி போனேன்.

அங்க கணேசண்ணன் ஹார்டுவேர் கடை வெச்சிருக்காரு. எங்க மூத்தோர் ஓட்டக் கழகத்துக்கு அவருதான் செயலாளர். ரெக்கார்டு விவரமெல்லாம் அவரு கையெழுத்து போட்டுத்தான் மேல போகும். பிலோமியோடது இன்னும் போகல, அவரு மேசையிலதான் கிடந்துச்சு.

"அண்ணா, இது நியாயமா?"ன்னு ஆரம்பிச்சேன். "அவங்க ஊர்ல நடக்கறதுக்கு முன்னாடியே ஓடறவங்க. நான் ரெண்டு ஏக்கர் ஏறி இறங்கிட்டு, மிச்சம் இருக்கிற மூச்சுல ஓடறவ. ரெண்டு பேரையும் ஒரே கோட்டுல நிறுத்தலாமா?"

"அவங்க இந்தியக் குடியுரிமை வாங்கி ஆறு வருசம் ஆச்சேம்மா. சட்டப்படி சரிதான்."

"பேப்பர்ல எழுதிக் குடுத்துட்டா ஆயிருமா? பந்தயம் யாரு வேணா ஓடட்டும், ஜெயிக்கட்டும், கப்பு வாங்கட்டும். ரெக்கார்டு இந்த நாட்டோடது. இங்க பொறந்தவங்களுக்கு மட்டும்னு எழுதுங்க!"

கணேசண்ணன் என்னையே பார்த்தாரு. பேனாவை எடுத்தாரு. "நல்லாத்தான் சொல்ற. இதையே தீர்மானமாப் போட்டு மாநிலத்துக்கு அனுப்பலாம், அவங்க டெல்லிக்கு அனுப்புவாங்க. அதுவரைக்கும் பிலோமி பேப்பர்ல நான் கையெழுத்துப் போடல. ஞாயித்துக்கிழமை கூட்டம். ரெண்டு பேரும் பொறந்த ஊருக்கு அத்தாட்சி கொண்டு வந்துருங்க. தீர்மானத்தோட அதையும் வெச்சு அனுப்பணும்."

நானும் வீராப்பா தலையை ஆட்டிட்டு வந்தேன். அப்பக்கூட எனக்கு உறைக்கல, பாருங்க.

சனிக்கிழமை மத்தியானம் டிரங்குப் பெட்டியை இழுத்துப் போட்டு உக்காந்தேன். மேலாகவே என் ஸ்கூல் டி.சி. இருந்துச்சு. 'பிறந்த இடம்: கோத்தகிரி'ன்னு அழகா எழுதியிருந்துச்சு. அதுக்கு அடியில, பிளாஸ்டிக் கவர்ல, எங்கப்பா எல்லப்பன் பேருல இருந்த பழைய குடும்ப அட்டை. தாயகம் திரும்பியோர் அட்டை. போட்டோவுல எங்கம்மா மடியில நான். நாலு வயசு. கூடவே, கண்டி ஆபீஸ்ல குடுத்த இந்தியக் குடியுரிமைப் பத்திரம்.

நான் பொறந்தது மஸ்கெலியாவுல, தேயிலைத் தோட்டத்துல. சிலோன்.

எனக்கு அது தெரியாமயா இருந்துச்சு? தெரியும். ஆனா அதை நான் யாருகிட்டயும் சொல்றதில்ல, எனக்கே சொல்லிக்கிறதில்ல. அங்க இருந்தவரைக்கும் எங்கப்பாவைக் கள்ளத்தோணின்னாங்களாம், திருட்டுத்தனமா தோணியேறி வந்தவன்னு. கப்பலேறி மண்டபம் முகாமுக்கு வந்து, இங்க வந்து எஸ்டேட் லயத்து வீட்டுல குடியேறினதும் சிலோன்காரன்னாங்க. ஸ்கூல்ல என்னை அந்தப் பேரைச் சொல்லியே அழ வெச்சாங்க. அப்பாதான் ஹெட்மாஸ்டர் கையைப் பிடிச்சு, 'கோத்தகிரின்னே எழுதிருங்க சார், புள்ள படிக்கட்டும்'னு கேட்டாராம். அவரும் மனசு இரங்கி எழுதிட்டாரு.

ஃபேக்டரி ஷிப்ட் முடிஞ்சு வந்த எம்புருசன் மனோகரன் வாசல்லயே நின்னு பார்த்தாரு. விசயத்தைச் சொன்னேன். மனுசன் செருப்பைக்கூடக் கழட்டாம சிரிக்கிறாரு.

"இங்க பொறந்தவங்களுக்கு மட்டும்னு நீயே சொன்னியா? உன் வாய்க்கு ஒரு பூட்டு போடணும்டி."

"அது வேற, இது வேற"ன்னு சீறினேன். "அவ வந்தவ. நாம திரும்பி வந்தவங்க. அட்டையிலயே போட்டிருக்கு."

"திரும்பி வர்றதுக்கு, நீ அதுக்கு முன்னாடி இங்க எப்ப இருந்த?"

எனக்கு இன்னும் கோவம் வந்துச்சு. "எங்க பாட்டன் முப்பாட்டன் திருச்சி ஜில்லா!"ன்னு கத்தினேன்.

"உங்க பாட்டனா அந்த நாப்பத்தோரு நிமிசம் ஓடினாரு?" அவரு பக்கத்துல வந்து உக்காந்தாரு. சிரிப்பு போயிருந்துச்சு. "இந்தா பாரு கோகிலா. டி.சி.யைக் குடுத்தா ஒருத்தருக்கும் தெரியாது. ரெக்கார்டு உங்கிட்டயே இருக்கும். அந்தப் பத்திரத்தைக் குடுத்தா, உம் பேரும் அடிபட்டுப் போகும். நீயே யோசிச்சுக்கோ. நான் எதுவும் சொல்ல மாட்டேன்."

சொல்ல மாட்டேன்னுட்டு மனுசன் டீ போடப் போயிட்டாரு. நான் யோசிச்சேன். யோசிச்சு, டி.சி.யைத்தான் எடுத்துப் பைக்குள்ள வெச்சேன். பொய் சொல்லத்தான் வெச்சேன், உங்ககிட்ட ஏன் மறைக்கணும்? எனக்கு எம் பேரு வேணும். அவ்வளவுதான். காலையில கிளம்பறப்பதான், எதுக்குன்னே தெரியாம, பத்திரத்தையும் சேர்த்து உள்ள திணிச்சேன்.

கூட்டம் கடைக்கு மேல இருக்கிற ரூம்ல. பன்னெண்டு பேரு இருந்திருப்பாங்க. பிலோமி முன்னாடியே வந்து உக்காந்திருந்தா. என்னைப் பார்த்ததும் எந்திரிச்சு நாற்காலி இழுத்துப் போட்டா. நான் அதுல உக்காரல.

கணேசண்ணன் தீர்மானத்தைப் படிச்சாரு. என் வார்த்தைதான், கொஞ்சம் சட்டை போட்டு விட்டிருந்தாரு. அப்புறம், "பிலோமி, நீங்க ஏதாவது சொல்றீங்களா?"ன்னு கேட்டாரு.

அவ ஒரு ஃபைலைத் திறந்து, ஒரு பேப்பரை எடுத்து மேசையில வெச்சா. "இதானுங்க எனக்குக் குடியுரிமை குடுத்த பத்திரம். இதை வாங்கறதுக்கு என் பழைய பாஸ்போர்ட்டைத் திருப்பிக் குடுத்துட்டேன். ரெண்டு நாட்டுக்காரியா இருக்க முடியாதுங்களே. எங்கம்மாகிட்ட போன்ல சொன்னப்ப அவங்க ரெண்டு நாள் சாப்பிடல. இனி எம்மகளை அங்க தேடினா பேரே இருக்காதான்னு கேட்டாங்க." பேப்பரை எங்க பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளி வெச்சா. "அந்த ஊரு லிஸ்டுல எம் பேரு வராதுங்க. நியாயந்தான், நான் இப்ப அந்த ஊருக்காரி இல்ல. இந்த ஊரு லிஸ்டுலயும் வராதுன்னா, நான் ஓடினதை எங்கதானுங்க எழுதறது?"

அவ அழுதிருந்தா நான் கல்லாட்டம் நின்னிருப்பேன், எனக்கு என்னைத் தெரியும். அவ அழல. கணக்கு டீச்சர் மாதிரி, விடை வராத கணக்கு ஒண்ணைப் போட்டுட்டு எங்களைப் பார்த்துட்டு இருந்தா.

"சரி, கோகிலா. உன் அத்தாட்சி?" கணேசண்ணன் கையை நீட்டினாரு.

பைக்குள்ள கையை விட்டேன். ரெண்டு பேப்பரும் விரல்ல பட்டுச்சு. எங்கம்மா மடியில நான் இருந்த போட்டோ ஞாபகம் வந்துச்சு. அவங்க கேட்டதும் இதே கேள்விதானே? எந்த ஊரு லிஸ்டுல எம் புள்ள பேரை எழுதுவீங்கன்னுதானே அந்தப் பொம்பள கப்பலேறுனா?

பத்திரத்தை எடுத்து மேசையில வெச்சேன்.

கணேசண்ணன் படிச்சாரு. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டு மறுபடியும் படிச்சாரு. பிலோமி பேப்பரைப் பக்கத்துல இழுத்து வெச்சுப் பார்த்தாரு. "ரெண்டும் பதிவு பண்ணிக் குடுத்த குடியுரிமைதான்"னு முணுமுணுத்தாரு. அப்புறம் நிமிந்து, "சரி, விடும்மா. உனக்கு இது பொருந்தாது. நீங்க நம்ம ஆளுங்க"ன்னாரு.

அடேங்கப்பா! வந்துச்சு பாருங்க எனக்குக் கோவம்.

"நம்ம ஆளுங்களா? இந்த வார்த்தையைக் கேக்கறதுக்கு எனக்கு நாப்பத்தி நாலு வருசம் ஆச்சுங்ணா! எங்கப்பா கேக்காமயே போயிட்டாரு. அவளுக்கு இன்னும் எத்தனை வருசம் ஆகணும், சொல்லுங்க! சட்டம்னா ஒண்ணுதான். அடிக்கிறதுன்னா முதல்ல எம் பேரை அடிங்க, அப்புறம் அவ பேரை அடிங்க. வைக்கிறதுன்னா ரெண்டையும் வைங்க. அந்தக் கிறுக்குத்தனமான வரியைச் சொன்னவ நான்தான். நானே சொல்றேன், கிழிங்க."

"அப்ப ரெக்கார்டு பிலோமிக்குப் போயிரும். தெரிஞ்சுதான் பேசறியா?"

"ஓடிக் காட்டிட்டாளே! நானும் ஓடி எடுத்துக்கறேன். கையெழுத்தைப் போடுங்கண்ணா."

அவரு போட்டாரு. அந்தப் பேனா நகர்றதைப் பார்க்கப் பார்க்க நெஞ்சு வலிச்சுது, பொய் சொல்ல மாட்டேன். மூணு வருசம் எனக்குன்னு இருந்த ஒண்ணு அது. படியிறங்கி ரோட்டுக்கு வந்துதான் மூக்கைச் சிந்தினேன்.

பின்னாடியே பிலோமி வந்தா. நன்றி கின்றின்னு ஏதாவது ஆரம்பிச்சா எரிஞ்சு விழலாம்னு இருந்தேன். அவ கேட்டா, "அக்கா, பதினேழாவது சுத்துல ஏனுங்க அப்படி மெதுவாகறீங்க? எப்பப் பாத்தாலும் அங்கதான் விடறீங்க."

"என்னடி சொல்ற?"

"நான் எழுதி வெச்சிருக்கேனுங்க, உங்க ஒவ்வொரு சுத்தும். மூணு வருசமா உங்களைத் துரத்திட்டுத்தான நான் ஓடறேன்."

திட்டறதா சிரிக்கிறதான்னு எனக்குத் தெரியல. அடுத்த ஞாயித்துக்கிழமையில இருந்து ரெண்டு பேரும் கட்டபெட்டு ரோட்டுல சேர்ந்து ஓடினோம். ஏத்தத்துல நான் அவளை விட்டுட்டுப் போவேன், சமதரையில அவ என்னை விட்டுட்டுப் போவா. வாய்ச் சண்டை மட்டும் ரெண்டு இடத்துலயும் சமமா நடக்கும்.

நவம்பர்ல பெங்களூர்ல தேசியப் போட்டி. பதினேழாவது சுத்து வந்ததும், "அக்கா, விடாதீங்க!"ன்னு பக்கத்துல இருந்தே கத்தறா. நான் விடல. நாப்பது நிமிசம் பதினோரு செகண்டு! மே மாசம் அவ வெச்ச ரெக்கார்டை ஏழு செகண்டுல உடைச்சுட்டேன். ஆனா அதுக்குப் பதினஞ்சு செகண்டு முன்னாடியே அந்த மகராசி உள்ள போய் நின்னுட்டா. முப்பத்தொன்பது அம்பத்தாறு. மறுபடியும் ரெக்கார்டு அவளுக்குத்தான்.

புல்லுல மல்லாந்து கிடந்தேன். எங்களுக்குப் பின்னாடி ஓடி வந்த சேலத்துக்காரம்மா ஒருத்தங்க மூச்சு வாங்கிட்டே பக்கத்துல உக்காந்தாங்க. பிலோமியைக் காட்டி, "அவங்க எந்த ஊருங்க?"ன்னு கேட்டாங்க.

"கோத்தகிரி."

"இல்லீங்க, சொந்த ஊரு?"

எந்திரிச்சு உக்காந்தேன். "சொந்த ஊருதாங்க கோத்தகிரி. எனக்கும் அதேதான். எங்க ஊர்ல ரெண்டு பேரு, ரெண்டு பேருமே நாப்பது நிமிசம் பன்னெண்டு செகண்டுக்குள்ள. உங்க ஊர்ல எத்தனை பேருங்க?"