காலில் நிற்காத பந்து

என் கணவர் வெங்கிடேஷின் காலில் பந்து நிற்காது. போன வருஷம் எங்கள் பெண் ஜானவியின் பள்ளிக்கூடத்தில் பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து ஃபுட்பால் ஆடினார்கள். அவள் தந்த பாஸ் இவர் பாதத்தில் பட்டுத் தெறித்து எதிரணிக்கே போயிற்று. ஒரு தடவையா? ஐந்து தடவை! மைதானமே சிரித்தது. பத்து வயசுக் குழந்தை, பள்ளிக்கூடமே போக மாட்டேன் என்று இரண்டு நாள் அழுதாள்.

"இந்த வருஷம் ஒருத்தரும் சிரிக்கப்படாதுப்பா. ஒரே ஒரு பாஸை நிறுத்திடுங்கோ, போரும்" என்றாள்.

மனுஷர் என்ன செய்தார்? கழக்கூட்டம் ஐ.டி. பார்க்கில் சாஃப்ட்வேர் மேனேஜர் அல்லவா, யூடியூபைப் பார்த்து எக்ஸெல்லில் அட்டவணை போட்டார். பந்து வரும்போது காலைத் தளர்த்தி, கொஞ்சம் பின்னால் இழுத்து வாங்க வேண்டுமாம். இதற்கு ஓர் அட்டவணை! ஒரு மாதம் தினமும் சாயங்காலம் ஃப்ளாட்டின் கார் பார்க்கிங்கில் நான் உதைப்பேன், இவர் தூண் மாதிரி விறைத்து நிற்பார். பந்து எகிறிப் பக்கத்து வீட்டு ஷெமியின் ஸ்கூட்டரில் போய் மோதும்.

"தரை சரியில்லை, லக்ஷ்மி."

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல்னாளாம். காலைத் தளர்த்துங்கோன்னா!"

"ஷூவும் கொஞ்சம் டைட்."

"பேசாம அந்த ஸ்கூட்டரை ஆட அனுப்பலாம். அதுவாவது பந்தை நிறுத்தறது" என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

போட்டி நாள் வந்தது. எங்கள் கோலுக்கு முன்னால் ஒரே நெருக்கடி. ஜானவி பந்தை இவர் பக்கம் தள்ளினாள். இவர் காலைத் தளர்த்தினார், பின்னால் இழுத்தார். பந்து அப்படியே நின்றது. அட, நிஜமாகவே நின்றது!

அதைப் பறிக்க ஓடிவந்தார் பிரதீஷ், எதிரணிக் குழந்தை ஒன்றின் அப்பா. அவர் மேல் இவர் கால் பட்டுவிட்டது. யார் மேலாவது கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது கோட்டை அக்கிரகாரத்தில் வளர்ந்தவருக்கு ஊறிப்போன பழக்கம். பஸ்ஸில் செய்யட்டும், கோவில் வரிசையில் செய்யட்டும். கோல் வாசலிலா செய்வார்கள்? குனிந்து கையை நீட்டினார். பிரதீஷ் உதைத்த பந்து நேராக அந்தக் கையில் பட்டது.

"ஹேண்ட்பால்!"

இவரோ விசிலைக் கூடக் கவனிக்காமல், பிரதீஷைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அப்புறம் மைதானம் முழுக்கச் சிரித்தது. பெனால்டியில் கோல் விழுந்து தோற்றோம்.

ஆட்டம் முடிந்து வந்த ஜானவியிடம், "உங்கப்பா சாமர்த்தியத்தைப் பார்த்தியோடி?" என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினேன்.

"அப்பா பந்தை நிறுத்தினார்" என்றாள். "மத்தவா எல்லாரும் சும்மாதாம்மா இருந்தா. நீதான் முதல்ல சிரிச்சே."

பாட்டிலை வாங்காமல் அப்பாவிடம் போய்விட்டாள்.